கடல் தாண்டிப் போகும் தொண்டு: யாருடைய ஏவலில்?

(பாவூர்சத்திரத்தில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டுக்குப் போய் லோடு ஏற்றிவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளே, பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மாணவத் தம்பி தங்கைகளே!

வெளிநாடு சென்று தொண்டு செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம், "நம்ம ஊர்ல இருந்து வெளிநாட்டுக்குப் போறவன் சம்பாதிக்கத்தான்வே போவான், தொண்டு செய்ய எவன் போவான்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. துபாய்க்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு நகையை அடகு வைத்துப் போகிற ஊர் இது. போனவன் கடனை அடைத்து, தங்கச்சியைக் கட்டிக்கொடுத்து, வீட்டுக்குக் காங்கிரீட் போட்டால் அதுவே பெரிய தொண்டுதான்.

ஆனால் அந்த நண்பருக்கு ஒரு பதில் பக்கத்திலேயே இருந்தது. கடையநல்லூர். அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன முஸ்லிம்கள் 1941இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று. உலகப் போர் வந்தது, ஜப்பான்காரன் ஆட்சி வந்தது, போனது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், அந்தச் சங்கம் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கியது. உமறுப் புலவர் பெயரில். போர் முடிந்த கையோடு அரிசி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். மூட்டை தூக்குகிறவர்களும் சிறு கடை வைத்திருந்தவர்களும் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசித்தார்கள். பின்னால் அது உயர்நிலைப் பள்ளியாகி, சிங்கப்பூரில் தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி தந்த பள்ளியாக நின்று, 1982இல் மூடப்பட்டது. புலவர் பெயர் இன்றும் அங்கே ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு இருக்கிறது. போனவன் சம்பாதிக்கத்தான் போனான், உண்மை. போன இடத்தில் என்ன குறை என்று பார்த்து, தன் கையில் இருந்ததைப் போட்டு அதை நிரப்பினான். அவனை யாரும் வாலண்டியர் என்று சொல்லவில்லை, சான்றிதழும் கொடுக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வெளிநாடு போய்த் தொண்டு செய்வது என்றதும் போகிறவனின் மனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எவ்வளவு இரக்கம், எவ்வளவு தியாகம் என்று. நமக்கு வேறொரு இடத்தில் நின்று பேசும் தகுதி இருக்கிறது. ஏனென்றால் நாம் தொண்டைப் பெற்ற ஊர்க்காரர்கள். இருநூறு ஆண்டுகளாக அயல்நாட்டார் வந்து நமக்கு நல்லது செய்கிறோம் என்று சொன்ன மண் இந்த நெல்லைச் சீமை. பெற்றுக்கொண்டவனுக்குத்தான் தெரியும், எது உதவி, எது உபத்திரவம் என்று.

கடையம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி தாண்டிக் களக்காட்டுப் பக்கம் போனால் டோனாவூர். அந்த ஊர்ப் பெயரே ஒரு வெளிநாட்டு நன்கொடையாளருடையது. ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸ் இங்கே ஊழியம் செய்த காலத்தில் பணம் அனுப்பிய பிரஷ்யாவின் டோனா பிரபுவின் பெயர். அந்த ஊருக்கு 1901இல் ஒரு பெண் வந்தார். ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோரச் சிற்றூரில் 1867இல் பிறந்தவர். முதலில் ஜப்பானுக்குப் போய் ஒன்றேகால் ஆண்டு இருந்து, உடம்பு முடியாமல் திரும்பியவர். 1895இல் இந்தியா வந்தார். பெங்களூர் வழியாக நெல்லைக்கு வந்து, முதலில் செய்த வேலை தமிழ் படித்தது. வாக்கர் பாதிரியார் என்பவரிடம் உட்கார்ந்து, பிடிவாதமாகப் படித்தார்.

1901 மார்ச்சில் பெருங்குளம் கோவில் வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். கோவிலுக்குப் பொட்டுக் கட்ட ஒப்படைக்கப்பட்ட பிள்ளை. அவள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் ஏமி அம்மையாருக்குத் தன் வேலை என்னவென்று தெரிந்தது. இதைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்தில் இருந்து கிளம்பும்போது அவர் கையில் இந்தத் திட்டம் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்ய வந்தவர் அவர். வேலையை மாற்றியது ஏழு வயதுப் பிள்ளையொன்று பேசிய பேச்சு. அந்தப் பேச்சு புரிகிற அளவுக்கு அவருக்குத் தமிழ் வந்திருந்தது.

அதன் பிறகு பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். சேலை கட்டிக்கொண்டு, நம் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, ஊருக்கு 'அம்மா'வாக அவர் இருந்தார். ஒரு முறைகூட அயர்லாந்து திரும்பவில்லை. 1931இல் களக்காட்டில் குழியில் தவறி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில், கட்டிலில். 1951 ஜனவரி 18இல் காலமானார். அவர் கல்லறை மேல் தன் பெயரில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.

இங்கே சில பேர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. "மதம் மாற்ற வந்த அம்மாதானே" என்று கேட்கிறீர்கள். ஆமாம். அதை மறைத்துப் பேசுவது அவருக்கே பிடிக்காது. அவர் எதையும் மறைத்தவர் அல்லர். பிள்ளைகளைக் கடத்துகிறார் என்று அவர் மேல் வழக்குகள் வந்தன, நீதிமன்றத்தில் தோற்றதும் உண்டு. பொட்டுக்கட்டு ஒழிய வேண்டும் என்று சட்டமன்றத்தில் போராடியவர் நம் முத்துலட்சுமி ரெட்டி. சட்டம் வந்தது 1947இல். ஒரு பழக்கத்தை ஒழிக்க உள்ளூர்க்காரரின் குரலும் சட்டமும்தான் வேண்டியிருந்தது. அயல்நாட்டு அம்மையாரால் தனித்தனிப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடிந்தது. இரண்டும் வேறு வேறு வேலை. முதல் வேலையை வெளியூர்க்காரன் எடுத்துக்கொள்ளக் கூடாது, எடுத்துக்கொண்டாலும் நடக்காது என்பது என் கட்சி.

அவரை நான் மெச்சுவது வேறொன்றுக்காக. அவர் போன பிறகும் அந்த இல்லம் நடக்கிறது. அங்கேயே வளர்ந்த பெண்கள் பொறுப்பெடுத்து நடத்துகிறார்கள். பின்னாளில் வெள்ளைக்காரர் இல்லாமலும் நடக்கும்படி வளர்த்துவிட்டுப் போனதுதான் அவர் செய்த தொண்டிலேயே பெரிய தொண்டு.

வந்த மிஷனரிகள் எல்லோரும் அப்படி இருந்தார்களா? இல்லை. அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவரும் நம் சீமைக்காரர்தான். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பின்னாளில் தோர்ணக்கல் பிஷப். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பிஷப். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் சொற்பம். முப்பத்தைந்து வயது அசரியா அந்த மேடையில் ஏறி, நீங்கள் ஏழைகளுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுக்கிறீர்கள், அதற்கெல்லாம் நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்ற பொருளில் பேசி முடித்தார். நட்பு என்றால் அவருக்குச் சாப்பாட்டு மேசை. வெள்ளைக்கார ஊழியர் பங்களாவுக்குள் இந்திய ஊழியர் சமமாக உட்கார்ந்து சாப்பிட முடியாத நிலை. கூட்டத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. உதவி செய்ய வந்தவனிடம் குறை சொல்வது நன்றி கெட்ட செயல் என்று நினைக்கும் பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அசரியா பேச்சோடு நின்றவர் இல்லை. 1903இலேயே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். வெளிநாட்டுப் பணம் வாங்காமல், நம் ஆட்களை, நம் காசில், மொழி தெரியாத தெலுங்குச் சீமைக்கு அனுப்புவது. அன்று அது நிஜாம் ராஜ்ஜியம், ஒரு வகையில் வெளிநாடுதான்.

அவர் கேட்ட நட்பைக் கொடுத்தவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தின் பெரிய பணக்காரக் குடும்பம். தமிழரான டாக்டர் ஜேசுதாசனோடு சேர்ந்து 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார். கதர் கட்டினார். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் போலீஸ் அவரை அடித்து, சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. வெள்ளைக்காரரை வெள்ளைக்கார அரசின் போலீசே அடித்தது என்பதால் லண்டன் நாடாளுமன்றம் வரை பேச்சாயிற்று. யார் பக்கம் நின்று தொண்டு செய்கிறோம் என்பதற்கு உடம்பில் விழுந்த அடியைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சரி, பழங்கதை போதும். 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகமே வந்தது. வந்ததில் நல்லது எவ்வளவோ உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஈழ அகதிகளாக நம் முகாம்களில் இருந்தவர்களில் சிலர்கூட நாகைக்குப் போய்த் தொண்டு செய்தார்கள். அகதி வந்து அகதிக்கு ஆறுதல் சொன்னான். ஆனால் லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரங்களில் மலையாகக் கிடந்து மழையில் நனைந்து நாறியது. அடுத்தவர் பழைய துணியை உடுத்தும் அளவுக்கு நாங்கள் போய்விடவில்லை என்று மீனவப் பெண்கள் ஒதுக்கித் தள்ளினார்கள். படகைப் பாருங்கள். பல நிறுவனங்கள் போட்டி போட்டுப் படகு கொடுத்ததில், அலைக்கு முன்னால் இருந்ததைவிடப் படகு கூடிப்போன கிராமங்கள் உண்டு. படகு கூடினால் மீன் கூடுமா? படகு என்றால் படம் எடுக்கலாம், மேலே கொடுத்தவர் பெயரை எழுதலாம். மீன் காயவைத்து விற்கும் விதவைக்கு முதல் போட்டுக் கொடுத்தால் படத்தில் என்ன தெரியும்?

பொருள் மிஞ்சினால் குப்பையில் போடலாம். ஆட்கள் மிஞ்சினால்? கம்போடியாவிலும் நேபாளத்திலும் நடந்ததைக் கேளுங்கள். பணக்கார நாட்டு இளைஞர்கள் விடுமுறைக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் அநாதை இல்லங்களில் 'சேவை' செய்யக் கட்டணம் கட்டிப் போனார்கள். குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் மாதிரி, வந்து நனைந்துவிட்டுப் போய்விடுவது. வருகிறவர் கூடக் கூட இல்லங்கள் கூடின. இல்லங்கள் கூடினால் பிள்ளைகள் வேண்டுமே? அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமையைக் காட்டி, படிப்பு தருகிறோம் என்று சொல்லிக் கிராமங்களிலிருந்து கூட்டி வந்தார்கள். வாரம் ஒரு புது அக்கா, புது அண்ணன். கட்டிப்பிடித்து, படமெடுத்து, அழுது பிரிந்து போவார்கள். பிள்ளை ஒவ்வொரு தடவையும் கைவிடப்பட்டது. போன அந்த இளைஞர்களில் கெட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பல அரசுகளும் குழந்தை நல அமைப்புகளும் இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி இப்போது எச்சரிக்கின்றன.

1968இலேயே ஒருவர் இதைச் சொன்னார். இவான் இல்லிச் என்ற பாதிரியார். மெக்சிகோவின் குவேர்னவாகாவில், கிராமச் சேவைக்கு வந்த அமெரிக்க மாணவர்களிடம், சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று சொன்னார். இந்த ஊர் மொழியே தெரியாத உங்களை இந்த ஊர்க்காரன் திருப்பித் திட்டக்கூட முடியாதே என்பது அவர் வாதம். எனக்கு அவரோடு முழுதாக உடன்பாடு இல்லை. அவர் சொன்னபடி எல்லோரும் வீட்டிலேயே இருந்திருந்தால் டோனாவூர் இல்லை. ஆனால் திட்டு வாங்கும் அளவுக்கு மொழி படித்துவிட்டுப் போ என்ற நிபந்தனை சரிதான் என்று படுகிறது.

நம் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர். காந்தி இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார். ஏறக்குறைய 1,100 பேர். குண்டு விழுகிற இடத்தில் காயம்பட்டவர்களை டோலியில் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் இது தொண்டர் படை. அதில் சுதந்திர இந்தியர் ஏறத்தாழ முந்நூறு பேர்தான். மீதி எண்ணூறு பேர் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள். சென்னை ராஜதானியிலிருந்து கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கரும் அதில் ஏராளம். அவர்களை அனுப்பியது தோட்ட முதலாளிகள். போர் முடிந்ததும் முப்பத்தேழு தலைவர்களுக்குப் பதக்கம் வந்தது. டோலி தூக்கிய தோள்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களில் எத்தனை பேரை "போகிறாயா?" என்று கேட்டிருப்பார்கள்? அயல்நாட்டில் தமிழன் செய்த தொண்டு என்று பெருமை பேசும்போது இந்த எண்ணூறு பேரை முன்வரிசையில் வைத்துப் பேச வேண்டும்.

விரும்பிப் போனவர் என்றால் டாக்டர் கோட்னிஸ். சோலாப்பூர்க்காரர். ஜப்பான் சீனாவைத் தாக்கியபோது, 1938இல் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் ஒருவர். சீன மொழி படித்தார், சீனப் பெண்ணை மணந்தார், போர்முனை மருத்துவமனையில் ஓய்வில்லாமல் அறுவை செய்தார், 1942 டிசம்பரில் முப்பத்திரண்டு வயதில் இறந்தார். மற்ற நால்வரும் திரும்பினார்கள். சீனாவில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது.

எல்லோராலும் கோட்னிஸ் ஆக முடியாது. வளைகுடாவில் அஜ்மானில் வண்டி பழுது பார்க்கும் தொழில் செய்யும் கேரளத்துக்காரர் அஷ்ரப் தாமரசேரி என்று ஒருவர். அங்கே செத்துப்போகும் தொழிலாளிகளின் உடலை ஊருக்கு அனுப்பும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார். ஆஸ்பத்திரிச் சான்று, போலீஸ் அனுமதி, தூதரகக் கையெழுத்து, விமானச் சரக்குச் சீட்டு என்று ஒவ்வோர் அலுவலகமாக அலைவது. ஆயிரக்கணக்கான உடல்களை, நாடு மதம் பார்க்காமல், அனுப்பியிருக்கிறார். 2015இல் மத்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் கொடுத்தது. இந்தக் கூட்டத்தில் பெட்டிக்காகத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் காத்துக் கிடந்த குடும்பம் இருந்தால், அந்தத் தொண்டின் எடை என்னவென்று அவர்களிடம் கேளுங்கள். அரபி பேசத் தெரிந்து, அலுவலக நடைமுறை தெரிந்து, அதே ஊரில் பிழைக்கிறவனால்தான் இதைச் செய்ய முடியும். வளைகுடா போகிற நம் தம்பிகளுக்கு நான் காட்டும் முன்மாதிரி அவர்.

படித்துவிட்டுப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. பீடி சுற்றிய காசில் நர்சிங் படித்த பெண்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். உங்களுக்கு உலகத்தில் வேலை இருக்கிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இல் உருவானது. அதில் போகிறவர்களுக்குப் பிழைப்புப்படி கொடுக்கிறார்கள். 1971இல் பாரிசில் தொடங்கிய எல்லைகள் கடந்த மருத்துவர்கள் அமைப்பும் நர்சு, லேப் டெக்னீஷியன், கணக்காளர், தண்ணீர் வேலை தெரிந்தவர் எல்லோரையும் எடுக்கிறது. பொதுவாக இரண்டாண்டு அனுபவமாவது கேட்பார்கள். உருப்படியான இடம் உன்னிடம் என்ன கைவேலை தெரியும் என்று கேட்கும். எவ்வளவு பணம் கட்டுவாய் என்று முதலில் கேட்கிற இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சேவை செய்யலாம் என்று சொல்கிறவனையும் நம்ப வேண்டாம். பல நாடுகளில் அது சட்ட மீறல், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அங்கே ஒரு சுவர் கட்ட உங்களைக் கூப்பிட்டால், உங்கள் விமான டிக்கெட் காசுக்கு அந்த ஊர்க் கொத்தனார் எத்தனை நாள் கூலி வாங்குவார் என்று கணக்குப் போடுங்கள். கொத்தனாருக்கே கூலி போகட்டும்.

கடைசியாக ஆய்க்குடி. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊர்க்காரர் ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவர், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போன இடத்தில் தடை தாண்டும் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே உணர்வில்லாமல் ஆனவர். 1981இல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், சில குழந்தைகளோடு ஒரு கூரைக் கொட்டகையில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தன்னைக் கவனித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் பாதியை வைத்தார். தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் சங்கரராமன் 1992இல் சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருந்த இரண்டு பேர் கட்டியது அது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ.

அங்கே வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் வருகிறார்கள். கனடாவில் இருந்தும் இன்னும் பல நாடுகளில் இருந்தும், பிசியோதெரபி படித்தவர்கள், மருத்துவ மாணவர்கள். யாருக்கு என்ன பயிற்சி, எந்தக் கிராமத்துக்கு யார் போவது என்று முடிவு செய்வது ஆய்க்குடிக்காரர்கள். கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்று, வளர்ச்சி குன்றிய குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் அவர்கள் பின்னால் நடந்து வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள். இன்று மாலை முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். உதவி பெறுகிறவன் முதலாளி, உதவ வருகிறவன் வேலையாள்.

கனடாப் பிள்ளை பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஆய்க்குடி வருகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வளாகத்துக்குள் போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். வெளிநாடு போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் அங்கே போய், என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். சொல்கிற வேலையைச் செய்யுங்கள். பாத்திரம் கழுவச் சொன்னாலும் செய்யுங்கள். அங்கே ஆறு மாதம் தாக்குப் பிடித்தவர்கள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.